வீட்டு நகைக்குக் காப்பீடு: மதிப்புப் போடுவது யார், பணம் வருவது எப்போது?

மடிப்பாக்கம் வாசி

வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியே ஒரு காப்பீட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டது. பாரத் கிரஹ ரக்ஷா என்று பெயர். போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது அந்தப் பாலிசி கையில் கிடைத்தது. 'வீட்டுப் பொருள்கள்' என்று அதில் ஒரு வரி இருப்பதைப் பார்த்ததும், நகையும் இதில் அடக்கம் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

ஏறத்தாழ 45 சவரன் இருக்கிறது. முக்கால்வாசி லாக்கரில். மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். அதற்கு முன் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்து வந்தாக வேண்டும். பிறகு மண்டபம், அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டு வரவேற்பு. நாங்கள் வாங்கியவற்றுக்கு ரசீது இருக்கிறது. மாமியார் வழியில் வந்த அட்டிகை, மாங்காய் மாலை, ஏழு கல் வைரத் தோடு ஆகியவற்றுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இவற்றைக் காப்பீடு செய்ய முடியுமா? மதிப்பை யாரிடம் வாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை முகவர்

அம்மா, உங்கள் சந்தேகம் சரி. அந்தப் பாலிசியில் நகை தானாகச் சேராது.

பாரத் கிரஹ ரக்ஷா 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய ஒரே மாதிரிப் பாலிசி. கட்டடத்தையும் பொருளையும் சேர்த்து எடுத்திருந்தால், கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், பொதுவான வீட்டுப் பொருளுக்குத் தானாகவே கிடைக்கும். பொதுவான பொருள் என்றால் கட்டில், பீரோ, குளிர்பெட்டி, டிவி. நகை, வெள்ளிச் சாமான், ஓவியம், பழம்பொருள் ஆகியவை 'மதிப்புமிக்க பொருள்கள்' என்ற தனி வகை. அதைத் தனியாகக் கேட்டு, தனிப் பிரீமியம் கட்டி, ஒப்புக்கொண்ட மதிப்பு (நீங்களும் நிறுவனமும் முன்கூட்டியே பேசி முடிக்கும் தொகை) என்ற அடிப்படையில் சேர்க்க வேண்டும். மொத்தம் 5 லட்சத்துக்குள், எந்த ஒரு பொருளும் 1 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் மதிப்பீட்டுச் சான்று கேட்கமாட்டார்கள். இன்றைய தங்க விலையில் அந்தச் சலுகை ஒரு சின்னச் சங்கிலியோடு தீர்ந்துபோகும் என்பது வேறு விஷயம்.

இன்னொன்றை எல்லோரும் தவறவிடுகிறார்கள். அந்தப் பாலிசியின் அடிப்படை வடிவில் சாதாரணத் திருட்டுக்கே இடமில்லை. தீ, வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் போன்ற ஏதாவது ஒன்று நடந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் திருட்டு நடந்தால்தான் பணம். நள்ளிரவில் ஒருவன் பூட்டை உடைத்து அள்ளிக்கொண்டு போனால் கொள்ளைக்கான கூடுதல் காப்பு வேண்டும், அல்லது 'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' வகைப் பாலிசி வேண்டும். அதில் கொள்ளைக்கு ஒரு பிரிவும் நகைக்கு 'ஆல் ரிஸ்க்' (விலக்கு என்று எழுதியவை தவிர மற்ற எல்லா இழப்புக்கும்) என்ற பிரிவும் இருக்கும்.

மேல் விவரம் வேண்டுவோர் எனக்கு வாட்ஸாப்பில்

நெறியாளர்

முகவரின் தொலைபேசி எண் நீக்கப்பட்டது. தகவல் எழுதலாம், கடை விரிக்கக் கூடாது.

சந்தேகப்பிராணி

இதற்கெல்லாம் எதற்குப் பணத்தைக் கொட்டுகிறீர்கள்? லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் முடிந்தது. திருமணத்துக்கு எடுத்து, மறுநாளே திரும்பப் போட்டுவிடுங்கள். காப்பீட்டுக்காரர்கள் வாங்கும்போது சிரிப்பார்கள், கொடுக்கும்போது எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். 45 சவரன் வைத்திருக்கிறேன் என்று ஊருக்கே பட்டியல் போட்டுக் கொடுத்தால், நாளை வருமான வரிக்காரன் கதவைத் தட்டமாட்டான் என்று என்ன நிச்சயம்?

வழக்காடி

லாக்கர்மீது இவ்வளவு நம்பிக்கை வைக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு லாக்கர் வழக்கில், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்று சொல்லி வங்கிகள் கை கழுவ முடியாது என்றது. விதிகளை வகுக்க ரிசர்வ் வங்கிக்கு ஆறு மாதம் கொடுத்தது. ஆகஸ்டில் விதி வந்தது, 2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரை. வாடகை 3,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 3 லட்சம். சவரன் 80,000 ரூபாயைத் தாண்டியது 2025 செப்டம்பரில். அந்த விலையில் 3 லட்சம் என்பது மூன்றே முக்கால் சவரன்! லாக்கருக்குள் நீங்கள் 4 சவரன் வைத்தாலும் 40 வைத்தாலும் அதே வரம்புதான்.

வங்கியின் அலட்சியம் இல்லாமல் இயற்கைச் சீற்றத்தால் சேதமானால் அதுவும் கிடையாது. தரைத்தளத்தில் லாக்கர் அறை வைத்திருக்கும் கிளைகளில் கணக்கு வைத்திருக்கும் சென்னைவாசிகள் 2015 டிசம்பரை நினைத்துக்கொள்ளலாம். லாக்கர் பொருளுக்கு வங்கியே காப்பீடு விற்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆகவே எவராவது 'லாக்கர் வாடகையிலேயே இன்சூரன்ஸ் அடக்கம்' என்று சொன்னால் எழுதிக் கேளுங்கள்.

லாக்கர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பீரோவைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அது பாதுகாப்பு மட்டுமே, இழப்பீட்டுக்கு அதை நம்ப முடியாது. சில நிறுவனங்களின் நகைப் பாலிசியில் லாக்கரில் இருக்கும் பொருளையும் சேர்க்கலாம், பிரீமியமும் குறையும்.

உரைகல்

நான் முப்பதாண்டுக்கு மேல் நகை மதிப்பீட்டில் இருந்தவன். வங்கி அடகு நகைகளும் பார்த்திருக்கிறேன், தனியாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மதிப்பு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கணக்குப் போடுவதால்தான் பிற்பாடு சண்டை வருகிறது.

5 சவரன் ஆரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சவரன் 80,000 என்றால் தங்கத்தின் விலை 4,00,000. அதை இன்று கடையில் புதிதாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் சேர்த்து 15 விழுக்காடு என்று வையுங்கள், 60,000. மொத்தத்துக்கு 3 விழுக்காடு ஜி.எஸ்.டி. 13,800. ஆக 4,73,800. அதே ஆரத்தைக் கடையில் திருப்பி விற்றால் 4 லட்சமும் முழுதாக வராது. அடகு வைத்தால் வங்கி மதிப்பீட்டாளர் கல்லையும் அரக்கையும் கழித்துத் தங்கத்தை மட்டும் பார்ப்பார். ஒரே ஆரத்துக்கு மூன்று விலை. மதிப்பீட்டாளரிடம் போகும்போதே 'காப்பீட்டுக்காக, அதே நகையைப் புதிதாக வாங்கும் விலை வேண்டும்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பழக்கத்தில் உலோக விலையை எழுதிக் கொடுத்துவிடுவார்.

யாரிடம் போவது? வருமான வரித் துறையில் பதிவு பெற்ற நகை மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். செல்வ வரிச் சட்டத்தின்கீழ் அவர்களுக்குப் பதிவு கொடுத்தார்கள். 2015 பட்ஜெட்டில் வரியே போய்விட்டது, மதிப்பீட்டாளர்கள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்கள் சான்றுதான் எங்கும் செல்லும். தெருமுனைக் கடைக்காரர் லெட்டர்பேடில் எழுதித் தருவதைச் சில நிறுவனங்கள் ஏற்கும், சில ஏற்காது. முதலில் நிறுவனத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு பணம் செலவழியுங்கள்.

இப்போது உங்கள் பழைய நகை. அதற்கு ஹால்மார்க் இருக்காது. 916 முத்திரையோடு ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாள எண் இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல்தான். உங்கள் வீட்டில் இருக்கும் பழையதை அது கட்டுப்படுத்தாது. புது நகைகளின் எண்ணைப் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த வகை நகை, எந்த மாற்று (தங்கத்தின் தரம்), எந்த மையத்தில் சோதித்தது என்று வரும். அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். பழையதை ஹால்மார்க் மையத்திலேயே கொடுத்துச் சோதிக்கலாம். 2022இல் அறிவித்த கட்டணம் நான்கு நகை வரை 200 ரூபாய், ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் நகைக்கு 45 ரூபாய்.

மாங்காய் மாலையில் ஒவ்வொரு மாங்காயும் உள்ளே கூடு, அரக்கு நிரப்பியிருப்பார்கள். தராசில் 80 கிராம் காட்டும் மாலையில் தங்கம் எவ்வளவு என்பது செய்த ஆசாரிக்குத்தான் தெரியும். நான் முதலில் கொக்கியை உரைகல்லில் தேய்த்து ஒரு உரை எடுப்பேன், பிறகு பின்பக்கத் தகட்டில் ஒன்று, கம்பியில் ஒன்று. உரைகல்லில் மூன்று கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பழைய வேலையில் மூன்றும் மூன்று நிறமாக இருக்கும். பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்தில் மாற்று குறைந்திருக்கும். அமிலம் ஒரு சொட்டு விட்டால் எது எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து ஒரு சராசரிக்கு வரலாம். கருவியில் வைத்தால் மேல்தோலின் மாற்றை மட்டும் சொல்லும், உள்ளே இருப்பதைச் சொல்லாது. எனவே நல்ல மதிப்பீட்டாளர் சான்றில் 'மொத்த எடை இவ்வளவு, கல்லுக்கும் அரக்குக்கும் உத்தேசக் கழிவு இவ்வளவு, நிகர எடை இவ்வளவு' என்று மூன்றையும் எழுதுவார். ஒரே எண்ணை மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

ஏழு கல் தோடு இன்னும் வம்பு. பழைய தோட்டில் கல்லின் பின்புறம் மூடிக் கட்டியிருக்கும். கழற்றாமல் எடை தெரியாது. மேல் விட்டத்தை அளந்து சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு) கணக்கை ஊகிக்கிறோம். நிறமும் தெளிவும் கல்லைப் பதித்த அந்தக் கட்டடத்துக்குள் பாதிதான் தெரியும். சான்றில் 'இயற்கை வைரம்' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் சல்லிசான விலைக்கு வந்துவிட்ட காலம் இது. அந்தச் சொல் இல்லையென்றால், இழப்பைக் கணக்கிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் முதல் கேள்வியே அதுவாகத்தான் கேட்பார். கழற்றிப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால், நூறு வருடக் கட்டடத்தை மறுபடி அதே மாதிரி கட்ட ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மடிப்பாக்கம் வாசி

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். 2020இல் ஒரு மதிப்பீடு எடுத்தோம், பாகப்பிரிவினைக்காக. அதையே கொடுக்கலாமா?

உரைகல்

கூடாது. 2020 தொடக்கத்தில் சவரன் 30,000 ரூபாய் அளவில் இருந்தது. 2025 ஏப்ரலில் 70,000ஐத் தாண்டிவிட்டது. அந்தச் சான்றை வைத்துக் காப்பீடு எடுத்தால் பாதி நகையைக்கூடத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த நகை 2020இலேயே உங்கள் வீட்டில் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

கோவை முகவர்

இதில் 'சராசரி விதி' என்று ஒரு பொறி உண்டு. பாரத் கிரஹ ரக்ஷாவில் கட்டடத்துக்கும் பொதுப் பொருளுக்கும் அதை எடுத்துவிட்டார்கள். பழைய வகைப் பாலிசிகளின் நகைப் பிரிவில் இன்னும் இருக்கலாம். 20 லட்சம் மதிப்புள்ள நகையை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்கிறீர்கள். 4 லட்சம் பெறுமானம் திருடு போகிறது. 10 லட்சத்துக்குள்தானே என்று 4 லட்சத்தையும் எதிர்பார்ப்பீர்கள். பாதி மதிப்புக்குத்தானே பிரீமியம் கட்டினாய் என்று 2 லட்சம்தான் தருவார்கள். ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் மதிப்பை உயர்த்த வேண்டும். தங்கக் காசு, பிஸ்கட், பதிக்காத கல் ஆகியவை பெரும்பாலும் நகையாகக் கருதப்படுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை

பாளையங்கோட்டையில் என் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே செருப்பு அலமாரியில் ஒரு சாவி எப்போதும் இருக்கும். பால்காரர் முதல் எல்லோருக்கும் அது தெரியும். திருடன் அதை எடுத்து, மரியாதையாகக் கதவைத் திறந்து, வேலை முடிந்ததும் பூட்டிவிட்டும் போயிருக்கிறான். 11 சவரன் போயிற்று. காப்பீடு இருந்தது. 'வலுவந்தமாக நுழைந்ததற்கு அடையாளம் இல்லை' என்று ஒரே வரியில் நிராகரித்தார்கள்.

பெரியப்பா விடவில்லை. எஃப்.ஐ.ஆரில் 'சாவியைக் கொண்டு திறந்து' என்றுதான் இருந்தது. ஆனால் காவல் துறை சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரில், பீரோவின் உள் லாக்கர் கடப்பாறையால் நெம்பப்பட்டு, தாழ்ப்பாள் வளைந்து, பெயின்ட் உரிந்து கிடந்தது பதிவாகியிருந்தது. அதன் நகலை இணைத்து நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதினார். நாலைந்து கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். அவர் பாலிசி வாசகத்தில் 'பூட்டிய பெட்டகத்தை உடைத்து' என்று ஒரு சொற்றொடர் இருந்ததால் தப்பித்தார். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பிராணி

இதைத்தான் நானும் சொன்னேன்! எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள் என்று!

வழக்காடி

படிக்கத்தான் படிப்பார்கள்; நாமும் வாங்கும்போதே படித்துவிட்டால் சமம். கொள்ளைக் காப்பீட்டில் பலப்பிரயோகம் இருக்க வேண்டும் என்று பாலிசி சொன்னால் அதுதான் செல்லும் என்று 2004இல் ஹர்சந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. எனவே வாங்கும்போதே 'உடைக்காமல் நடக்கும் திருட்டும் அடக்கமா, வேலைக்காரர் எடுத்தால் அடக்கமா' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வீட்டு ஆட்களே எடுத்தால் எங்கும் கிடையாது. வீடு தொடர்ந்து 30 நாளோ 60 நாளோ பூட்டிக் கிடந்தாலும் பல பாலிசிகளில் காப்பு நின்றுபோகும். வெளிநாட்டில் பிள்ளைகளிடம் போய் ஆறு மாதம் தங்கும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கான சீட்டு) மட்டும் கொடுத்து அனுப்பினால் அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். புகாரிலேயே எடையும் அடையாளமும் எழுதுங்கள். 'தங்கச் சங்கிலி ஒன்று' என்று எழுதிவிட்டுப் பிறகு சர்வேயரிடம் 6 சவரன் முறுக்குச் சங்கிலி என்று சொன்னால் நம்பமாட்டார். குற்றவாளி அகப்படாவிட்டால் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்று வரும் வரை இழுத்தடிப்பார்கள். இடையில் விடாமல் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு மாதத்தில் நிறுவனம் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) இருக்கிறார். 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் தேவையில்லை. என் தொழிலுக்கு நானே கெடுதல் செய்கிறேன்.

வருமான வரி பயத்துக்கும் ஒரு பதில். நேரடி வரி வாரியம் 1994 மே 11இல் கொடுத்த அறிவுறுத்தல்படி, சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 வரை பறிமுதல் செய்வதில்லை. சவரன் கணக்கில் அறுபத்திரண்டரை, முப்பத்தொன்றேகால், பன்னிரண்டரை. வைத்திருப்பதற்கு உச்சவரம்பு என்று இதைப் பலர் பரப்புகிறார்கள், அது பிசகு. கணக்குக் காட்ட முடிந்தால் எவ்வளவும் வைத்திருக்கலாம். சீதனமாக, பாகமாக வந்ததற்கு ஒரு பட்டியலும் பழைய மதிப்பீடும் இருப்பது வரிக்காரரிடமும் உங்களைத்தான் காப்பாற்றும்.

செட்டிநாட்டு மருமகள்

எல்லோரும் தங்கத்தையே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் பாட்டி காலத்து வெள்ளிக் குடம், தட்டு, தஞ்சாவூர் ஓவியம் இரண்டு, ஒரு சின்ன ஐம்பொன் அம்மன். இவற்றுக்கு யார் மதிப்புப் போடுவார்கள்?

உரைகல்

வெள்ளி சுலபம், எடையும் மாற்றும் போதும். பழைய பாத்திரத்தில் பற்றவைப்பு அதிகம், அதைக் கழிப்பார்கள். ஓவியம் என் வேலை இல்லை. அதில் தங்க ரேக்கு ஒட்டியிருந்தாலும் தங்கத்துக்காக விலை கிடையாது, வயதுக்கும் கைவேலைக்கும்தான். அதற்கென்று உள்ள கலைப்பொருள் மதிப்பீட்டாளரைப் பாருங்கள். அம்மனைப் பற்றி வழக்காடி சொல்லட்டும்.

வழக்காடி

நூறு வருடத்துக்கு மேற்பட்ட உலோகச் சிலை என்றால் 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். காப்பீட்டைப் பிறகு யோசிக்கலாம், முதலில் பதிவு. பூசையறையில் இருப்பதால் விலக்கு என்று நினைக்க வேண்டாம்.

ஸ்கார்பரோ தமிழ்

கனடாவில் எங்களுக்கு வேறு விதத் தொல்லை. வீட்டுக் காப்பீடு இருக்கும், திருட்டும் அதில் அடங்கும். ஆனால் நகைத் திருட்டுக்கு மட்டும் சில ஆயிரம் டாலர் என்று ஓர் உள்வரம்பு வைத்திருப்பார்கள். ஒரு தாலிக்கொடிக்கே அது காணாது. மதிப்பீட்டுச் சான்றோடு ஒவ்வொரு நகையையும் தனியாகப் பட்டியலில் ஏற்றிக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். 22 காரட் தெரிந்த மதிப்பீட்டாளராகத் தேடிப் பிடியுங்கள்; 14 காரட் பார்த்துப் பழகியவர்களுக்கு நம் நகையின் வேலைப்பாட்டுக்கு விலை சொல்லத் தெரிவதில்லை.

மடிப்பாக்கம் வாசி

கணவரோடு பேசி முடிவெடுத்துவிட்டோம். கட்டடப் பாலிசியை அப்படியே விட்டுவிட்டு, நகைக்குத் தனியாக 'ஆல் ரிஸ்க்' பிரிவு உள்ள பாலிசி கேட்கிறோம். மதிப்பீட்டாளர் அடுத்த வாரம் வருகிறார், அதே நகையைப் புதிதாக வாங்கும் விலை வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மண்டபத்தில் இருக்கும் இரண்டு நாளைக்கு என்ன செய்வது?

கோவை முகவர்

'ஆல் ரிஸ்க்' வீட்டுக்கு வெளியேயும் செல்லும், ஆனால் இந்தியாவுக்குள் எங்கும் என்று பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மண்டபத்தில் மணமகள் அறையைப் பூட்டாமல் போட்டுவிட்டு எல்லோரும் முகூர்த்தத்துக்கு வந்துவிட்டால், கவனக்குறைவு என்று தட்டிவிடுவார்கள். காரில் வைத்துவிட்டு இறங்கினாலும் அப்படித்தான். எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை என்ற இழப்புக்கும் பணம் இல்லை. ஒரு நம்பிக்கையான சித்தியையோ அத்தையையோ அறையிலேயே உட்கார வையுங்கள். தாலி கட்டுவதைப் பார்க்க முடியவில்லையே என்று கோபித்துக்கொள்வார்கள், பேரம் பேசிக்கொள்ளுங்கள்.

உரைகல்

படம் எடுக்கும்போது நகையை வெறும் துணியில் போட்டு எடுக்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோலும், தராசின் எண் தெரியும்படியும் வையுங்கள். பின்பக்கம், கொக்கி, முத்திரை ஆகியவற்றைத் தனித்தனியாக. திருடு போன நகை உருகாமல் கிடைத்தால் நீதிமன்றத்தில் 'இது என்னுடையது' என்று காட்டப் பின்பக்கப் படம்தான் உதவும்; முன்பக்கம் எல்லா அட்டிகையும் ஒன்றுபோல்தான் இருக்கும். பெண் முன்பு விசேஷங்களில் அதையே அணிந்திருக்கும் புகைப்படங்களையும் சேர்த்து வையுங்கள்.

ஏழு கல் தோட்டைத் திருமணத்துக்கு முன் ஓர் ஆசாரியிடம் காட்டிவிடுங்கள். பழைய திருகாணியில் மரை தேய்ந்திருக்கும். கூட்டத்தில் கழன்று விழுந்தாலோ ஒரு கல் உதிர்ந்தாலோ, தேய்மானம் என்று சொல்லி எந்த நிறுவனமும் தராது. புதுத் திருகாணிக்கு ஆகும் செலவு சில ஆயிரம்தான். ஆசாரி வேலை செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

மடிப்பாக்கம் வாசி

மாமியாரே வந்து உட்காருகிறேன் என்கிறார்.